பழைய இங்க் பேனாவை ஆன்லைனில் பார்த்து வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் என்று நம் மாவட்டத்தில் பழைய இங்க் பேனா தேடுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாட்சப்பில் ஒரு படம் வரும். பின்னாலேயே "இவ்வளவு சொல்றாங்க, வாங்கலாமா?" என்று வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முதலில் இருப்பவை புதியவர்களுக்கு, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

1. பழைய பேனா எதுக்குண்ணே? புதுசே ஒண்ணு வாங்கிட்டுப் போலாமே?

தினமும் எழுத ஒரு பேனா போதும் என்றால் புதிதே வாங்குங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. பழையதைத் தேட நல்ல காரணம் நிப்புதான். தங்க நிப்புப் போட்ட புதுப் பேனாவின் விலை இன்று பலருக்கும் எட்டாது. நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய தங்க நிப்புப் பேனா, பொறுமையாகத் தேடினால், அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இன்னொரு காரணம், அந்தக் காலப் பேனாக்களில் பலவற்றைக் கழற்றிச் சரிபண்ணலாம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: எழுத வாங்குகிறீர்களா, சேர்த்துவைக்க வாங்குகிறீர்களா? எழுதத்தான் என்றால் பெயரையும் பளபளப்பையும் பார்க்க வேண்டாம். நிப்பின் முனையும் மை இழுக்கும் பாகமும் நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

2. விக்கிறவங்க ஏதேதோ பேரு சொல்றாங்க. பேனால என்னென்ன பாகம் உண்டு?

காகிதத்தில் படுவது நிப்பு. அதன் நுனியில் பற்றவைத்திருக்கும் சிறு உருண்டை முனை. நிப்புக்கு அடியில் கறுப்பாக, கோடு கோடாக வெட்டியிருப்பது நாக்கு, மையை நிப்புக்குக் கொண்டுவருவது அதுதான். நாம் விரல் வைத்துப் பிடிக்கும் இடம் கழுத்து, பின்னால் நீளமாக இருப்பது உடல். உள்ளே மை நிற்பது ரப்பர் பையிலோ, பிஸ்டனிலோ (பின்பக்கத்தைத் திருகினால் உள்ளே நகர்ந்து மை இழுப்பது), கன்வெர்ட்டரிலோ (கழற்றி மாட்டக்கூடிய, மை இழுக்கும் சிறு குழாய்), அல்லது நேராக உடலுக்குள்ளேயோ. மூடி, கிளிப், மரை எல்லாம் உங்களுக்கே தெரியும்.

3. எங்க தேடணும்? ஓஎல்எக்ஸ் போதுமா?

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், பேனாக்காரர்களின் ஃபேஸ்புக், வாட்சப் குழுக்கள், இன்ஸ்டாகிராம் கடைகள், வெளிநாட்டுப் பேனாக்களுக்கு ஈபே. ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது, இப்போது அதில் வாங்கினால் வெளிநாட்டில் இருந்துதான் வரும்.

தொடங்குபவர்களுக்குப் பேனாக்காரர்களின் குழுக்களைத்தான் சொல்வேன். அங்கே விற்பவருக்குப் பேனா தெரியும், குறையை மறைத்து விற்றால் அடுத்தமுறை யாரும் வாங்க மாட்டார்கள் என்ற பயமும் இருக்கும். ஓஎல்எக்ஸில் நல்ல பேனா மலிவாக மாட்டுவது உண்டுதான், ஆனால் அங்கே பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய ஆள் நீங்கள் மட்டும்தான். விற்பவர் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ இருந்தால் பஸ் ஏறிப் போய் நேரில் பார்த்துவிடுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு தாளும் கையில் இருந்தால் போதும்.

4. படத்த வச்சு எப்படி கண்டுபிடிக்க? என்ன படம் கேக்கணும்?

மேசைமேல் பேனாவைப் படுக்கவைத்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. நான் கேட்கச் சொல்வது இவை: மூடி கழற்றிய முழுப் பேனா, நிப்பு மேலிருந்து, நிப்பு பக்கவாட்டில், நாக்குத் தெரியும்படி கீழிருந்து, முனை மட்டும் மிக அருகில், மூடியின் வாய் விளிம்பு, உடலில் உள்ள எழுத்து, உடலைக் கழற்றி உள்ளே. விற்பவர் இவ்வளவும் எடுத்து அனுப்பச் சலித்துக்கொண்டால் அந்தப் பேனாவை விட்டுவிடலாம், இன்னொன்று வரும்.

முனைப் படத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அந்த உருண்டை கடுகில் பாதிகூட இருக்காது. சாதாரண போன் படத்தில் மங்கித்தான் விழும். நகை பார்க்கிற பத்து மடங்கு லென்ஸை போன் கேமராமுன் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், தெளிவாக வரும். நடுவில் ஒரு பிளவு ஓடும். பிளவின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் எழுதும்போது கீறும், அது சரிசெய்யக் கூடியதுதான். ஒரு பக்கத்து உருண்டையே இல்லையென்றால், அதாவது நிப்பு நுனியில் தட்டையாக, கூராக முடிந்தால், முனை போய்விட்டது என்று அர்த்தம். திரும்பப் பற்றவைக்க ஆட்கள் உண்டு, செலவு பேனாவின் விலையைத் தாண்டிவிடும். முந்தைய உரிமையாளர் வருடக்கணக்கில் ஒரே சாய்வில் எழுதியிருந்தால் உருண்டை ஒரு பக்கம் தேய்ந்து வழுக்கையாகியிருக்கும். அப்படிப்பட்ட நிப்பு உங்கள் கைக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

பக்கவாட்டுப் படத்தில் நிப்பும் நாக்கும் ஒட்டியிருக்கின்றனவா பாருங்கள். இடைவெளி தெரிந்தால் நிப்பு எப்போதோ கீழே விழுந்து வளைந்திருக்கிறது.

5. நிப்புல 14கேன்னு போட்டிருக்கு. அது முழுத் தங்கமா, முலாமா?

14கே அல்லது 585 என்று மட்டும் இருந்தால் 14 கேரட் தங்க நிப்பு. 18கே அல்லது 750 என்றால் 18 கேரட். கூடவே ஜி.பி. என்றோ, "ரோல்டு கோல்டு", "கோல்டு ஃபில்டு" என்றோ இருந்தால் மேலே மட்டும் தங்கம். மூடியிலும் கிளிப்பிலும் இருக்கும் இந்தச் சொற்களைக் காட்டி "தங்கப் பேனா" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், கவனம்.

முலாம் நிப்பைப் படத்திலேயே அடையாளம் காணலாம். பிளவின் ஓரத்திலும் முனைக்குப் பக்கத்திலும் மஞ்சள் போய் வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். "வாரண்டட் 14" என்று மட்டும் போட்டு நிறுவனப் பெயர் இல்லாத நிப்பு பெரும்பாலும் தங்கம்தான், ஆனால் அந்தப் பேனாவோடு பிறந்த நிப்பாக இல்லாமல் இருக்கலாம். இப்படிப் பாகம் மாற்றிச் சேர்ப்பதைப் பற்றி 16ஆம் பதிலில்.

தங்கம் என்பதற்காகவே நன்றாக எழுதும் என்று நினைக்க வேண்டாம். காகிதத்தில் படுவது தங்கமே இல்லை, முனையில் இருக்கும் கடினமான உலோகக் கலவை. நல்ல எஃகு நிப்பு, கெட்டுப்போன தங்க நிப்பைவிட ஆயிரம் மடங்கு மேல்.

6. "இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி"ன்னு இருக்கு. ஜெர்மன் பேனாதானே?

இல்லை. அது எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. பெயர் தெரியாத மலிவுப் பேனாக்களில் வரும் பொதுவான நிப்பு அது, பெரும்பாலும் சீனாவில் அடித்தது. எழுத மோசமில்லை. ஆனால் பார்க்கர், ஷீஃபர் என்று சொல்லி விற்கும் பேனாவில் இந்த நிப்பு இருந்தால் நிப்பு மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது பேனாவே போலி.

7. விரிசல் இருக்கான்னு படத்துல எப்படி தெரியும்?

விரிசல் விழும் இடங்கள் தெரிந்தால் அங்கே மட்டும் பார்க்கலாம். மூடியின் வாய் விளிம்பு, கழுத்து திருகும் மரைப் பகுதி, உடலின் கடைசி நுனி. பேனாவை ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி மெதுவாகச் சுற்றி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் மயிரிழை விரிசல் மறைந்துவிடும். மரைக்குப் பக்கத்தில் பழைய மை ஒரு கோடாக ஊறி நின்றால், அது கறை இல்லை, விரிசல் வழியாக மை கசிந்த தடம்.

8. "நல்லா எழுதும்"னு சொல்லி அனுப்பினாங்க. மையே ஏறல. ஏன்?

விற்பவர் நிப்பை மையில் தோய்த்து நாலு வரி எழுதிப் பார்த்திருப்பார். எந்த நிப்பும் தோய்த்தால் எழுதும். மை இழுக்கிறதா என்பது வேறு சோதனை.

உடலில் பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் இருக்கும் பழைய பேனாக்களில் உள்ளே ரப்பர் பை இருக்கும். வருடங்கள் போனால் அது கல்லாக இறுகும், அல்லது பொடிந்துவிடும். நெம்புகோலைத் தூக்கும்போது முரண்டு பிடித்தால் பை இறுகியிருக்கிறது, மேலும் அழுத்தினால் உடலே பிளக்கும். எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பை பொடிந்திருக்கலாம், அல்லது பையை அழுத்தும் தகடு துருப்பிடித்து முறிந்திருக்கலாம். பேனாவைக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்பதும் அதனால்தான்.

ஆகவே கேட்க வேண்டியது ஒரு வீடியோ: நிப்பைத் தண்ணீரில் மூழ்கவைத்து, நெம்புகோலையோ அழுத்துகோலையோ பிஸ்டனையோ இயக்க வேண்டும். குமிழ் வர வேண்டும், பிறகு வெளியே எடுத்து மறுபடி அழுத்தினால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். "சோதிக்கவில்லை" என்று போட்டிருந்தால் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ற விலை மட்டும் சொல்லுங்கள். ரப்பர் பை மாற்றுவது பெரிய செலவு இல்லை, பிஸ்டன் உடைந்திருந்தால்தான் தலைவலி.

9. பாட்டா (தாத்தா) பெட்டியில கெடந்ததுன்னு ஒருத்தர் பார்க்கர் 51 விக்கிறாரு. ஒரிஜினலாக்கும்ங்கிறாரு. எப்படிப் பாக்க?

இது நம் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி. சிலோன், மலேயா, சிங்கப்பூர் என்று போய்வந்தவர்களும் அந்தக் காலத்துப் பள்ளிக்கூட வாத்தியார்களும் இதை வைத்திருந்தார்கள், அதனால் கதை உண்மையாகவே இருக்கலாம். கதையை நம்புங்கள், பேனாவைப் பாருங்கள்.

பார்க்கர் 51 கடைக்கு வந்தது 1941இல். நிப்பு முழுவதும் ஒரு கூட்டுக்குள் மறைந்து, நுனி மட்டும் வெளியே தெரியும். முதலில் வந்தவை வேக்குமேட்டிக் வகை, உடலின் பின்நுனியில் ஒரு சிறு மூடி இருக்கும், திருகி எடுத்தால் அழுத்தும் தண்டு தெரியும். அதன் உள்ளே உள்ள ரப்பர்ச் சவ்வு இத்தனை காலத்துக்குப் பிறகு கட்டாயம் மாற்ற வேண்டியிருக்கும், அதற்கென்று தனிக் கருவி வேண்டும். 1948 முதல் வந்தவை ஏரோமெட்ரிக் வகை. உடலைக் கழற்றினால் உலோக உறைக்குள் ஒரு பை, அழுத்த ஒரு பட்டை, உறையில் மை நிரப்பும் விதம் எழுத்தில் பொறித்திருக்கும். அந்தப் பை ரப்பர் இல்லை, ஒருவகை பிளாஸ்டிக். எழுபது வருடம் கழித்தும் பல பேனாக்களில் அப்படியே வேலை செய்கிறது. எழுத வாங்குபவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பழைய பேனா இதுதான்.

2021இல் பார்க்கர் அதே பெயரில் புதிதாக ஒன்றை விட்டது. அதன் மூடி திருகித் திறப்பது, உள்ளே கன்வெர்ட்டர் அல்லது கார்ட்ரிட்ஜ் (மை அடைத்தே வரும் சிறு குழாய்). பழையதன் மூடி இழுத்தால் வருவது. மூடி திருகினால் அது பாட்டா காலத்துப் பேனா இல்லை. அப்புறம் ஹீரோ 616. இதே உருவத்தில் சீனாவில் வந்த மலிவுப் பேனா. பார்க்கர் மூடியை ஹீரோ உடலில் மாட்டி விற்பவர்களும் உண்டு. மூடியில் மட்டுமில்லாமல் உடலிலும் பார்க்கரின் எழுத்து இருக்கிறதா, உள்ளே உலோக உறையில் பார்க்கர் பெயர் இருக்கிறதா என்று கழற்றிய படம் கேளுங்கள்.

10. பார்க்கர் எந்த வருஷத்துதுன்னு எழுத்த வச்சு சொல்ல முடியுமா?

பலவற்றில் முடியும். 1940களின் அமெரிக்க 51இல் உடலில் உள்ள எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அது வருடத்தின் கடைசி இலக்கம். எண்ணைச் சுற்றியுள்ள புள்ளிகள் காலாண்டு: மூன்று புள்ளி முதல் காலாண்டு, இரண்டு புள்ளி அடுத்தது, ஒன்று மூன்றாவது, புள்ளியே இல்லையென்றால் கடைசி.

1980க்குப் பிறகு எழுத்துக் குறி. ஆங்கிலத்தில் குவாலிட்டி பென் என்று எழுதினால் வரும் பத்து எழுத்துகளும் வரிசையாக 0 முதல் 9 வரை: க்யூ 0, யூ 1, ஏ 2, எல் 3, ஐ 4, டி 5, ஒய் 6, பி 7, ஈ 8, என் 9. மூடி விளிம்புக்கு அருகே தேடுங்கள். டி என்றால் 1985, 1995, 2005 எதுவாகவும் இருக்கலாம், அதனால் அந்த மாடல் எப்போது விற்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "1960 மாடல்" என்று சொல்லும் பேனாவில் இந்த எழுத்துக் குறி இருந்தால் விற்பவர் சொல்லும் வருடம் தப்பு.

11. ஹீரோ பேனால ஒரிஜினல் டூப்ளிகேட் உண்டா?

உண்டு, ஏராளம். 616க்கும் 329க்கும் போலிகள் மலிந்துவிட்டன. பழைய ஷாங்காய் ஹீரோக்களில் பொறித்த எழுத்து கூர்மையாக இருக்கும், மூடி உடலோடு ஆடாமல் உட்காரும். போலியில் எழுத்து மழுங்கியிருக்கும், கிளிப் வளையும். தாலுகா ஆபீசிலும் பத்திர எழுத்தரிடமும் ஒரு காலத்தில் இருந்த பேனா என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் பாசம். ஆனால் இதை அபூர்வம் என்று சொல்லி அதிக விலை கேட்டால் கொடுக்காதீர்கள். லட்சக்கணக்கில் வந்த பேனா அது.

12. கல்ஃப்ல இருந்து கொண்டுவந்த ஷீஃபர், பைலட் எல்லாம் வருது. அதுல எதப் பாக்கணும்?

பரிசாக வந்து பெட்டியிலேயே தூங்கிய பேனாக்கள் இவை. பயன்படுத்தாமலே இருப்பவை கிடைக்கும், நம் மாவட்டத்துக்கு இது ஒரு கொடுப்பினை. ஷீஃபரில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது அந்த நிறுவனத்தின் மேல்தட்டு வகை. 1976இல் வந்த டார்கா மாதிரியான பேனாக்களில் நிப்பு கழுத்தோடு பதித்திருக்கும், தனியாகக் கழற்ற முடியாது. பதித்த ஓரத்தில் கசிவுத் தடம் உள்ளதா என்று பாருங்கள்.

பழைய பைலட் நிப்புகளில் பொறித்திருக்கும் குறியை வைத்து மாதம்கூடச் சொல்லலாம். எச் 573 என்றால் ஜப்பானில் உள்ள ஹிராட்சுகா ஆலை, 1973 மே. ஒரு எச்சரிக்கை: பார்க்கர், ஷீஃபர், பைலட் மூன்றுக்கும் கார்ட்ரிட்ஜும் கன்வெர்ட்டரும் வெவ்வேறு, ஒன்றுக்கொன்று சேராது. கன்வெர்ட்டர் இல்லாமல் வரும் பேனா என்றால் அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

13. நம்ம நாட்டுப் பேனால பழசு வாங்குறதுக்கு ஏதாவது உண்டா?

ஏன் இல்லை? ராஜமுந்திரியின் ரத்னம், சென்னை ஜெம் அண்ட் கோவின் காமா, திருவள்ளூரில் கையால் கடைந்து செய்யும் ரங்கா, மும்பையின் ஏர்மெயில், வாலிட்டி. இவற்றில் பல எபோனைட் (கடின ரப்பர்) உடலும், உடலுக்குள்ளேயே ஃபில்லரால் மை ஊற்றும் முறையும் கொண்டவை. ரப்பர் பை கிடையாது, பிஸ்டன் கிடையாது, கெட்டுப்போக உள்ளே ஒன்றும் இல்லை. தொடங்குபவர்களுக்கு இதைவிட நிம்மதியான பழைய பேனா இல்லை என்பது என் கருத்து.

பார்க்க வேண்டியது மரை மட்டும்தான். மரை தேய்ந்திருந்தால் கசியும், சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் பெரும்பாலும் நின்றுவிடும். உள்ளே மை கால்வாசிக்குக் கீழே இறங்கினால் கைச்சூட்டில் காற்று விரிந்து நிப்பில் சொட்டும். அது பழுது இல்லை, அந்த அமைப்பின் குணம். குறையும் முன்னே நிரப்பிவிடுங்கள்.

14. பேனா கறுப்புன்னு போட்டிருந்தாங்க, வந்தது பழுப்பா இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

எபோனைட் என்கிற கடின ரப்பர் வெளிச்சமும் ஈரமும் பட்டால் பழுப்பேறும். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்திருக்கும். மூடிக்குள் மறைந்திருந்த பகுதியும் வெளியே இருந்த பகுதியும் ஒரே நிறமா என்று ஒரு படம் கேட்டால் முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்தப் பேனாக்களைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, ஒரே இரவில் நிறம் மாறும்.

நம் ஊருக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, குளச்சல் முட்டம் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேரும். இங்கேயே வருடக்கணக்கில் கிடந்த பேனா என்றால் கிளிப்பின் அடிப்பக்கத்தையும், நெம்புகோல் நுழையும் இடத்தையும் துருவுக்காகப் பாருங்கள்.

15. மாண்ட் பிளாங்க் மூவாயிரத்துக்குத் தாரேங்கிறாரு. வாங்கட்டா?

வேண்டாம். பார்க்காமலே சொல்வேன். மிக விலை உயர்ந்த பேனா அது, அந்தப் பெயரில் வரும் போலிகளுக்கு அளவே இல்லை. 149, 146 மாடல் என்று சொன்னால், பின்பக்கக் குமிழைத் திருப்பினால் உள்ளே பிஸ்டன் நகர வேண்டும். உடல் கழன்று கன்வெர்ட்டர் தெரிந்தால் போலி. கன்வெர்ட்டரோடு வருவது 145 போன்ற வேறு மாடல்கள். அசல் கறுப்பு உடலைப் பலமான டார்ச் வெளிச்சத்தின்மேல் பிடித்தால் உள்ளிருந்து அடர்சிவப்புத் தெரியும். இந்தப் படத்தைக் கேட்டாலே பலர் பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள்.

நிப்பில் 4810 என்று இருக்கிறதே என்பார்கள். மாண்ட் பிளாங்க் மலையின் உயரத்தை மீட்டரில் குறிக்கும் எண் அது, போலி செய்கிறவனும் அதைப் பொறிப்பான். கிளிப் வளையத்தில் உள்ள வரிசை எண்ணும் அப்படித்தான். பழைய 149களில் அந்த எண்ணே கிடையாது, அதனால் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி என்று அதைவைத்து முடிவெடுக்க முடியாது.

16. மூடி ஒரு பேனா, உடல் இன்னொரு பேனான்னு சேத்து விக்கிறாங்களாமே?

ஆமாம், அதில் எல்லாமே மோசடியும் இல்லை. ரிப்பேர் செய்பவர் உடைந்த மூடிக்குப் பதில் அதே மாடலின் இன்னொரு மூடியைப் போடுவது சகஜம். எழுத வாங்குகிறீர்கள் என்றால் அது ஒரு குறையே இல்லை. அதை மறைத்துச் சேகரிப்பாளர் விலை கேட்பதுதான் தவறு.

கண்டுபிடிக்க நிறத்தைப் பாருங்கள். ஆனால் கொஞ்சம் நிதானமாக. பழைய வெளிர்நிற செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) பேனாக்களில் உள்ளே உள்ள ரப்பர் பையின் வாயு பட்டு உடல் மட்டும் கறுத்து, மூடி பழைய நிறத்திலேயே நிற்கும். அது அசல் ஜோடியாகவே இருக்கலாம். மூடியின் தேய்மானமும் உடலின் தேய்மானமும் ஒத்துப்போகிறதா, கிளிப், வளையம், நெம்புகோல் மூன்றின் முலாமும் ஒரே நிறமா, மூடி மாட்டினால் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

17. "ரேர், ஆன்டிக், விண்டேஜ்"னு போட்டு விலை சொல்றாங்க. எவ்வளவு குடுக்கலாம்?

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதே மாடல், அதே நிலையில் உள்ளது என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று நாலைந்து பார்த்தால் ஒரு நிலவரம் கிடைக்கும். அதிலிருந்து ரிப்பேர்ச் செலவைக் கழியுங்கள். அந்த மூன்று சொற்களுக்கும் தனியாக ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

உடலில் ஒருவர் பெயர் பொறித்திருந்தால் சேகரிப்பவர்கள் ஒதுக்குவார்கள், விலை இறங்கும். எழுத வாங்குபவருக்கு அது நல்ல வாய்ப்பு. அதேபோல் எழுத்து அழிந்து பளபளவென்று இருக்கும் பேனாவைவிட, கீறலோடு எழுத்துத் தெளிவாக இருப்பதே மேல். அதிகம் பாலிஷ் போட்டால்தான் எழுத்து அழியும்.

18. பணம் எப்படி அனுப்புறது? முன்னாடியே கேக்குறாங்க.

குழுவில் பல வருடமாக விற்கிறவர், வாங்கியவர்கள் நல்லபடியாகச் சொல்கிறார்கள் என்றால் முன்பணம் சாதாரண நடைமுறைதான். அறிமுகம் இல்லாதவர் என்றால், இன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய தாளின்மேல் பேனாவை வைத்து ஒரு படம் கேளுங்கள். வேறெங்கிருந்தோ எடுத்த படத்தை வைத்து விற்பவரால் அதைத் தர முடியாது.

"ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன்" என்று அவசரப்படுத்துபவர்களிடம் பேச்சையே நிறுத்துங்கள். பணம் வாங்க யாரும் க்யூஆர் ஸ்கேன் செய்யவோ யூபிஐ பின் போடவோ வேண்டியதில்லை, பணம் போகத்தான் பின் வேண்டும். "ரீஃபண்ட் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க" என்றால் அது உங்கள் கணக்கைத் துடைக்கும் வேலை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

19. அமெரிக்காவுல இருந்து வாங்கினா கஸ்டம்ஸ் எவ்வளவு வரும்?

பொருளின் விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகைக்குச் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் வரும். விகிதம் மாறிக்கொண்டிருப்பது, வாங்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தபாலில் வந்தால் தபால்காரரிடம் கட்டி வாங்க வேண்டும், கூரியர் என்றால் அவர்கள் கட்டிவிட்டு தங்கள் கட்டணமும் சேர்த்துக் கேட்பார்கள். மலிவான பேனாவுக்கு அனுப்பும் செலவே அதன் விலையைத் தாண்டுவது உண்டு. அதனால் நாலு பேர் சேர்ந்து ஒரே விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது. "பரிசு" என்று பொய்யாக எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். பொருள் மாட்டிக்கொண்டால் கேட்கக்கூட உங்களுக்கு வாய் இருக்காது.

20. பார்சல் வந்தாச்சு. முதல்ல என்ன செய்யணும்?

பிரிப்பதை வீடியோ எடுங்கள், உடைந்து வந்தால் அதுதான் சாட்சி. அனுப்பும் முன்பே விற்பவரிடம் பேனாவைப் பஞ்சில் சுற்றி, வயரிங் வேலைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள் வைத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள். வெறும் உறையில் வந்த பேனாக்கள் நசுங்குவது வாடிக்கை.

பிறகு குளிர்ந்த தண்ணீரில் நிப்புப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடலாம். வெந்நீரும் ஸ்பிரிட்டும் கூடவே கூடாது. நீலம் வருவது நின்றதும் ப்ரில், கேமல் மாதிரி சாதாரண நீல மை போட்டு எழுதிப் பாருங்கள். படம் வரையும் இந்தியன் இங்க்கை ஊற்றினால் நாக்கு அடைத்து, பேனா போய்விடும்.

21. ரிப்பேருக்கு வாட்ச் கடையில குடுத்தா பாப்பாங்களா?

முன்பு பார்த்தார்கள், இப்போது பேனா தெரிந்தவர்கள் குறைவு. கழுத்தை உடலோடு ஒட்டியிருக்கும் அரக்கை இளக்க மிதமான சூடு காட்டித் திருக வேண்டும். தெரியாதவர் இடுக்கி போட்டு முறுக்கினால் உடல் விரியும். செல்லுலாய்டு என்றால் தீப்பற்றவும் செய்யும். 3ஆம் பதிலில் சொன்ன குழுக்களில் ரிப்பேர் செய்பவர்களும் இருக்கிறார்கள், ஸ்பீட் போஸ்டில் அனுப்பிச் சரிபண்ணி வாங்கலாம். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

22. எங்க வீட்லயே ஒண்ணு கெடக்கு. விக்கிறதா இருந்தா என்ன செய்யட்டு?

ஒன்றும் செய்யாதீர்கள், அதுதான் முதல் வேலை. புளி, பற்பசை, பிராசோ எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். மூடி திறக்கவில்லையென்றால் பலம் போட்டுத் திருக வேண்டாம், காய்ந்த மை ஒட்டிக்கொண்டிருக்கும். மென்மையான துணியால் தூசி மட்டும் துடைத்து, 4ஆம் பதிலில் சொன்ன படங்களில் எடுக்க முடிந்தவற்றை எடுங்கள். திறக்காத மூடியையும், ஆடாத நெம்புகோலையும், தெரிந்த விரிசலையும் அப்படியே எழுதிப் போடுங்கள். பெட்டியோ ரசீதோ இருந்தால் தூக்கிப் போடாமல் கூடவே வையுங்கள், அதற்கும் விலை உண்டு.